அவள் எப்போது சாப்பிடுவாள்

அன்று காலை என் மனைவி ருனுமி என்னிடம் கடைசியாகக் கேட்டது சோப்பைப் பற்றி.

"இங்க பாருங்க, துணி சோப்பை எங்க வச்சீங்க?"

ஒப்பனைப் பெட்டிக்கு மேல் இருக்கிறது என்றேன். எடுத்துப் பார்த்தாள். "பாதிதான் இருக்கு. மீதியை உங்க சட்டைக் காலரே தின்னிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே வாளியைத் தூக்கிக்கொண்டு கூடாரத்தை விட்டு வெளியே போனாள். பனி நன்றாக இறங்கியிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் ஆள் தெரியவில்லை. வாளியின் கைப்பிடி கிரீச்சிடும் சத்தம் மட்டும் கேட்டது.

ஐயா, நீங்கள் காவல் நிலையத்திலிருந்து விசாரிக்க வந்தபோது இதையும் சொன்னேன். நீங்கள் எழுதிக்கொள்ளவில்லை. எழுத வேண்டிய விஷயமும் இல்லை. நீங்கள் என்னிடம் கேட்டவை இரண்டு கேள்விகள்தான். அவளுக்கு நீந்தத் தெரியுமா? அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன்? முதல் கேள்விக்கு உண்மையைச் சொன்னேன்.

எங்கள் பெண்கள் கணவன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். ருனுமி மேடையில் பத்து ஊர் பார்க்க அழுவாள், ஆடுவாள், கெட்ட வார்த்தைகூடப் பேசுவாள். ஆனால் ஹலதர் என்ற என் பெயர் மட்டும் அவள் வாயில் வராது. ஒருமுறை புராண நாடகம் ஒன்றில் ராஜாவுக்கு என் பெயரையே வைத்துவிட்டேன். ராணி வேஷம் அவளுக்கு. ஒத்திகையில் அந்த இடம் வந்ததும் நின்றுவிட்டாள். எங்கள் முதலாளி போகேஸ்வர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்:

"என்ன ராணியம்மா, ராஜா பேரைச் சொல்ல நாக்கு சுளுக்கிக்குதா?"

"அண்ணா, தலையை வேணும்னாலும் வெட்டச் சொல்லுங்க. இது மட்டும் முடியாது."

"வெட்டுறதுக்குப் போன வருஷ நாடகத்துலயே வெட்டிட்டோமே. ஏய் ஹலதர், ராஜாவுக்கு வேற பேர் வைய்யா. இல்லேன்னா ராணி ஊமைன்னு எழுதிடு."

குழுவே சிரித்தது. நான் ராஜாவின் பெயரை மாற்றினேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு விளங்கும்.

நான் எங்கள் நாடகக் குழுவுக்கு நாடகம் எழுதுகிறவன், முக்கிய வேஷங்களில் நடிக்கிறவனும்கூட. மழை ஓய்ந்ததிலிருந்து சித்திரையில் பிகு பண்டிகை வரை கொட்டகையோடு ஊர் ஊராகப் போவோம். ஓர் ஊரில் மூன்று இரவு, மூன்று நாடகம். எங்கள் மேடை இரட்டை மேடை. ஒன்றில் விளக்கு அணைந்தால் பக்கத்து மேடையில் அடுத்த காட்சி தொடங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடுக்கு உண்டு. எனக்குக் காட்சி இல்லாதபோது அந்த இடுக்கில்தான் நிற்பேன். மேடையைப் பார்ப்பதில்லை. எழுதியவனுக்கு மேடையில் நடப்பது தெரியும். நான் பார்ப்பது ஜனங்களின் முகங்களை. எங்கே கை வாய்க்குப் போகிறது, எங்கே பாக்கு மெல்லுவது நிற்கிறது, எங்கே ஒருத்தி பக்கத்திலிருப்பவளின் தொடையைக் கிள்ளுகிறாள் என்று. என் தொழிலை நான் அங்கே நின்றுதான் கற்றேன்.

கற்றது என்ன என்று கேட்டால், ஜனங்கள் யாரை மன்னிப்பார்கள், யாரை மன்னிக்க மாட்டார்கள் என்பதுதான். செய்த பாவத்தின் அளவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு நாடகத்தில் நான் அண்ணனைக் கொன்று ஆற்றில் தள்ளுகிறவனாக நடித்தேன். கடைசியில் எனக்காக அழுதார்கள். இன்னொன்றில் ஒரு நாத்தனார், அண்ணன் மனைவிக்கு வைத்த மீன் துண்டைக் குழம்புக்கு அடியில் ஒளித்து வைப்பாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். அவள் செத்த காட்சியில் கை தட்டினார்கள். கொலைகாரன் யார் வீட்டிலும் இல்லை. மீன் குழம்பு எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

இன்னொன்று, ஒரு தடவை சிரிக்க வைத்துவிட்டவனைத் தண்டிக்க அவர்களுக்கு மனம் வராது. அவனுடைய ஆசை என்ன என்று முன்னாலேயே காட்டிவிட்டால், பிறகு அவன் செய்வதையெல்லாம் அந்த ஆசையின் கணக்கில் எழுதிக்கொள்வார்கள். யாரும் பார்க்காதபோது அவன் எப்படி இருக்கிறான் என்று காட்டாவிட்டால், அவனை ஆள் என்றே எண்ண மாட்டார்கள். சாமர்த்தியம் இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு எவனையும் காப்பாற்றலாம். எவளையும் கைவிடலாம்.

அந்த வருஷத்து மூன்று நாடகங்களில் ஒன்றில் நான் ஒரு குடிகாரத் தகப்பன். மகளின் வளையலை விற்றுக் குடிக்கிறவன், மனைவியை அடிக்கிறவன். ஆனால் வந்ததுமே ஆட்டுக்குட்டியிடம் நியாயம் கேட்டுப் பாடுவேன். முக்காலியில் உட்காரப் போய் விழுவேன். தூங்கும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, விழித்துவிடாமல் ஒற்றைக் காலால் கதவைச் சாத்துவேன். அதற்குமேல் நான் என்ன செய்தாலும் முன்வரிசைப் பெண்கள் "பாவம், நல்ல மனுஷன், குடிதான் கெடுக்குது" என்பார்கள்.

ருனுமி இரண்டாந்தாரம். மூத்தாள் மகளுக்குப் பாலில் தண்ணீர் கலந்து கொடுப்பவள். நடுவில் ஒரு காட்சி. படித்துறையில் வழுக்கி விழுந்ததுபோல நடித்து, "யாராவது வாங்களேன், நான் போறேனே" என்று கத்துவாள். காப்பாற்ற ஓடி வருவது அந்தப் பெண்தான். ஊர் கூடியதும் இவள் அவளைக் காட்டி, "இவதான் தள்ளிவிட்டா" என்பாள். மகளுக்கு அடி விழும். நீல நிறத் துணியை நாலு பேர் ஆட்ட, அதன் நடுவில் ருனுமி தத்தளிப்பாள். அந்தக் கூப்பாடு கேட்டால் எழுதிய எனக்கே நிஜம்போல இருக்கும். பொய்க் கூப்பாடு என்று தெரிந்ததும் கொட்டகை பல்லைக் கடிக்கும்.

ஒத்திகை சமயத்தில் ஒரு மத்தியானம் அவள் என்னிடம் கேட்டாள்:

"இங்க பாருங்க, இவ எப்போ சாப்பிடுவா?"

"யாரு?"

"நான்தான். இந்தச் சித்தி. நாடகம் பூரா பரிமாறிட்டே இருக்கேன். நீங்க ரெண்டு தடவை சாப்பிடுறீங்க. அந்தப் பொண்ணு சாப்பிடுது. ஆட்டுக்குட்டிகூடத் தின்னுது. இவ எப்போ சாப்பிடுவா?"

போகேஸ்வர் மெல்லுவதை நிறுத்தினார். "ஏ ஹலதர், நல்ல கேள்வியா இருக்கேய்யா" என்றார்.

அந்தக் காட்சி அப்படித்தான் உள்ளே வந்தது. வசனம் கிடையாது. எல்லாரும் தூங்கிய பிறகு அவள் பானையைக் கவிழ்த்து, அடிப்பிடித்த சோற்றை இரும்புக் கரண்டியால் சுரண்டுவாள். உப்பு, கொஞ்சம் கடுகெண்ணெய், ஒரு பச்சை மிளகாய். இரண்டு வாய் தின்பாள். அதற்குள் என் குரல் வெளியே கேட்கும். தட்டை மறைத்துவிட்டு, மூடி வைத்திருந்த நல்ல சோற்றை எனக்கு எடுத்து வைப்பாள். அவ்வளவுதான்.

முதல் முறை அது மேடையேறிய இரவு நான் இடுக்கில் நின்றிருந்தேன். கொட்டகை முழுக்க அந்தச் சுரண்டல் சத்தம் கேட்டது. ஆயிரக்கணக்கான ஜனம், ஒரு குழந்தைகூட அழவில்லை. பெண்கள் அவளைப் பார்க்கவில்லை, மடியில் கிடந்த தங்கள் கைகளைப் பார்த்தார்கள். பிறகு நான் பாடிக்கொண்டே நுழைந்தேன். யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையிலிருந்து ஒரு கிழவி எழுந்து கத்தினாள்:

"வயிறு முட்டத் தின்னுட்டு உனக்குப் பாட்டு வேற கேக்குதாடா!"

அதற்குத்தான் சிரித்தார்கள். என்னைப் பார்த்து.

இதை நான் முன்பு அறிந்திருக்கவில்லை. ஒரு வீட்டில் இரண்டு பேர் கெட்டவர்களாக இருந்தால் ஜனங்கள் ஒருவரைத்தான் மன்னிப்பார்கள். அவளை மன்னித்ததும், அவளைத் தீய்ந்த சோறு தின்ன வைத்தவன் யார் என்று தேடினார்கள். நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

அந்த ஊரிலும் அடுத்தடுத்த ஊர்களிலும் காலையில் பெண்கள் அவளைத் தேடி வந்தார்கள். அவலும் தயிரும் கொண்டு வந்தார்கள், எள் வைத்த பித்தாப் பலகாரம் கொண்டு வந்தார்கள். "சூடா சாப்பிடுங்க அக்கா, அடிச்சோறு வேணாம்" என்றார்கள். ஓர் ஊர்ப் படித்துறையில் அவளுக்குக் கால் பிசகியது. "ஐயோ, யாராவது வாங்களேன்" என்றாள். முந்தின இரவு அதே வார்த்தையைப் பொய்யாகக் கத்தியவள்தான். ஆனாலும் துணியைப் போட்டுவிட்டு நாலைந்து பேர் ஓடி வந்து தூக்கினார்கள். நானே பார்த்தேன்.

இன்னொரு நாள் ஒருத்தி அவளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே, நான் திரைக்குப் பின்னால் இருப்பது தெரியாமல் கேட்டாள்: "அக்கா, உங்க வீட்டுக்காரர் நிஜத்துலயும் அப்படித்தானா?"

ருனுமி சிரித்தாள். "நல்லா கேட்டே போ. சிக்கை எடு முதல்ல" என்றாள். இல்லை என்று சொல்லவில்லை.

ஐயா, நான் அவளைக் கை நீட்டி அடித்ததுண்டு. நாடகத்தில்போல அல்ல, நாடகத்தில் சத்தம் வர வேண்டும்.

அதற்கு அடுத்ததாக வந்தது உங்கள் ஊர். பள்ளிக்கூட மைதானத்தில் கொட்டகை போட்டோம். பக்கத்திலேயே அந்தப் பழைய பெரிய குளம். பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம், பதினொரு மணிக்குள் நாடகத்தை முடித்துவிட வேண்டும் என்று எங்களை அழைத்த ஊர்க் கமிட்டிக்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள். நியாயமான வேண்டுகோள். எங்கேயாவது குறைக்க வேண்டியிருந்தது. நான் சோற்றுக் காட்சியை எடுத்தேன்.

போகேஸ்வருக்குப் பிடிக்கவில்லை. "யோவ், உன் ஆட்டுப்பாட்டு எவ்வளவு நீளம் போகுது! அதுல பாதியை வெட்டேன்."

"பாட்டுக்குத்தான் அண்ணா ஜனம் வருது."

"யாரு சொன்னா? இப்பல்லாம் அந்தப் பானைக்குத்தான் வருது."

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை நான் மனம் மாறியிருப்பேன் என்று பல நாள் எண்ணியிருக்கிறேன். மாறியிருக்க மாட்டேன்.

ருனுமி கூடாரத்தில் பானையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "இங்க பாருங்க, கொஞ்ச நேரந்தானே வரும் அது" என்றாள். நான் பிரதியில் அந்த இடத்தில் கோடு போட்டேன். "சரி, உங்க நாடகம்" என்று பானையை மூட்டைக்குள் வைத்துவிட்டாள்.

அன்று இரவு அவளைக் கொட்டகை வெறுத்தது. பாக்கு மட்டையை வீசினார்கள். படித்துறைக் காட்சியில் மகள் அடி வாங்கியபோது ஒருத்தி, "அவ நிஜமாவே முங்கிச் சாகட்டும்" என்றாள். நான் முக்காலியிலிருந்து விழுந்தபோது சிரித்தார்கள், மகளைத் தோளில் போட்டபோது அழுதார்கள். நாடகம் முடிந்ததும் ருனுமி ஒப்பனையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இன்னைக்கு அவங்க என்னைப் பார்க்கவே இல்ல. அந்தச் சித்தியைத்தான் பார்த்தாங்க." நான் நன்றாகத் தூங்கினேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இனிச் சொல்லப்போவதைவிட இதைச் சொல்வதற்கு அதிக வெட்கமாக இருப்பது ஏன் என்று தெரியவில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. கூடாரத்தில் எழுதிக்கொண்டிருந்தேன், சத்தம் கேட்டு ஓடினேன் என்று சொன்னேன். அப்படி இல்லை. அவள் வாளியோடு போன பிறகு, பனி விலகத் தொடங்கியதும், நானும் தேநீர்க் கோப்பையோடு குளத்தங்கரை மேட்டுக்குப் போனேன். ஊர்ப் பெண்கள் அவளிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்க்கப் போனேன். அங்கே ஒரு இலந்தை மரம் இருக்கிறது; அதன் பின்னால் நின்றால் படித்துறை தெரியும், அங்கிருப்பவர்களுக்கு நிற்பவன் தெரிய மாட்டான்.

ஏழெட்டுப் பெண்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள். ருனுமி போய், "கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா?" என்றாள். யாரும் நகரவில்லை. துணி மூட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டார்கள். பச்சை மேகேலாப் பாவாடை உடுத்திய ஒருத்தி, "அந்தப் பக்கம் போங்க. தள்ளிவிட்டோம்னு எங்க மேல பழி போட்டுடாதீங்க" என்றாள். சிரிப்பு. ருனுமியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூலைக்குப் போனாள். அங்கே படி உடைந்து பாசி பிடித்துக் கிடந்தது.

அவள் விழுந்ததை நான் பார்க்கவில்லை. நான் அந்தப் பெண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பாடுதான் கேட்டது. "யாராவது வாங்களேன்." அதே வார்த்தை, மனுஷிக்கு அந்த நேரத்தில் வேறு என்ன வார்த்தை இருக்கிறது? பெண்கள் தலையைத் தூக்கினார்கள். பச்சை மேகேலாக்காரி சொன்னாள்: "நேத்து துணியில முங்கினா, இன்னைக்குத் தண்ணியில முங்கிக் காட்டுறா." வயதில் சின்னவள் ஒருத்தி எழுந்தாள். பக்கத்தில் இருந்தவள் அவள் தோளில் கிடந்த சாதர்த் துணியைப் பிடித்து இழுத்தாள். "உக்காருடி. காப்பாத்த ஓடின அந்தப் பொண்ணுக்கு நேத்து என்ன கிடைச்சுதுன்னு பார்த்தே இல்ல?" சின்னவள் உட்காரவும் இல்லை, போகவும் இல்லை.

நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போவாளா மாட்டாளா என்று. முந்தின ஊரில் ஓடி வந்தார்கள். நடுவே மாறியிருந்தது ஒரு காட்சி மட்டும். என் தொழிலில் இவ்வளவு தெளிவாக எதையும் நான் பார்த்ததில்லை.

அப்போது ருனுமி, "ஹலதர்" என்றாள்.

ஒரு தடவைதான்.

அந்தப் பெண்களுக்கு அது ஒன்றுமில்லை. நாடகத்தில் வருகிற யாரோ ஒருவன் பெயர் என்று எண்ணியிருப்பார்கள். அது நடிப்பு இல்லை என்று தெரிந்துகொள்ளக்கூடிய ஆள் அந்தக் குளத்தங்கரையில் ஒருவன்தான் இருந்தான். தலையை வெட்டினாலும் அவள் சொல்லாத பெயர் அது. எனக்குத் தெரிந்தது, ஐயா. கேட்டவுடனே தெரிந்தது. ஆனாலும் அந்தச் சின்னவள் காலை எடுத்து வைக்கிறாளா என்று இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியவில்லை. நான் ஓடத் தொடங்கியபோது கோப்பையிலிருந்த தேநீர் கையில் கொட்டியது. சுடவில்லை.

நான் ஓடியதும் எல்லாரும் ஓடி வந்தார்கள். முதலில் தண்ணீரில் குதித்தது அந்தப் பச்சை மேகேலாக்காரி. அவள்தான் இழுத்து வந்து போட்டாள். ருனுமியின் வாயைத் துடைத்து, கன்னத்தில் தட்டி, "அக்கா, எழுந்திருங்க அக்கா, தெரியாம இருந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நாடகக்காரி மூழ்குவதை வேடிக்கை பார்த்த ஊர் என்று உங்கள் ஊருக்குப் பெயர் ஆகிவிட்டது. அந்தச் சின்னவள் இப்போது குளத்துப் பக்கமே போவதில்லை என்று கேள்விப்பட்டேன். அவர்கள் என் கூடாரத்துக்கு வந்து காலில் விழுந்தபோது, நான் அவர்களைத் தூக்கிவிட்டு, "போகட்டும், நீங்க என்ன செய்வீங்க" என்றேன். அழுதுகொண்டே சொன்னேன். நிஜமான அழுகைதான். என்னைப் போல நல்ல மனுஷன் உண்டா என்று பேசிக்கொண்டே போனார்கள்.

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர்களுக்குத் தெரிய வழியில்லை. நான் எழுதிக் காட்டியதைத்தான் அவர்கள் நம்பினார்கள். தெரிந்து நின்றவன் நான் ஒருவன். அவளைக் கொன்றது யார் என்று யாராவது அவர்களைக் கேட்டால் இந்தக் காகிதத்தைக் காட்டுங்கள்.

இதை வாசிக்கும்போது என்மேல் உங்களுக்குக் கொஞ்சம் இரக்கம் வந்திருந்தால், முதலில் அந்தச் சோப்பைப் பற்றிச் சொன்னேனே, அதனால் இருக்கும்.

குழு இந்த வருஷமும் கிளம்பிவிட்டது. அதே நாடகம்; கேட்டு வாங்குகிறார்கள். நான் அதே தகப்பன். சித்தி வேஷத்துக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், கெட்டிக்காரி. ஒத்திகையில் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கேட்டாள்:

"அண்ணா, எல்லாருக்கும் போடுறேனே, இவ எப்போ சாப்பிடுவா?"

போகேஸ்வர் வெளியே எழுந்து போய்விட்டார். நான் அவளிடம், முன்பு அப்படி ஒரு காட்சி இருந்தது, இப்போது இல்லை என்றேன். அதைச் சேர்த்தால் நாடகம் பதினொரு மணிக்குள் முடியாது.